தாமதமாக விழுந்த அடி

விளம்பர உலகத்தில் அவனுக்கு முப்பது என்று பெயர். முப்பது வினாடிக்குள் எதைக் கொடுத்தாலும் அடக்கிவிடுவான் என்பதால் வந்த பெயர். காதல், கல்யாணம், குழந்தை, குழந்தைக்குப் பல்வலி, பல்வலி தீர்ந்த ஆனந்தம், கடைசியில் கம்பெனி பெயர் என்று எல்லாவற்றையும் முப்பது வினாடிக்குள் திணித்து, நடுவில் மூச்சுவிடவும் இடம் வைப்பான். அதற்கு முன்னால், தோளில் எலெக்ட்ரிக் கிதாரும் முகத்தில் தாடியுமாக ஒரு ராக் இசைக்குழுவை நடத்திக்கொண்டிருந்த காலத்தில், அவனுக்குக் கம்பி என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் உலகத்தில் இப்போது இரண்டே பேர்தான். அதில் ஒருத்தி அவன் மனைவி. அவளும் கோபம் தலைக்கேறினால்தான் அப்படிக் கூப்பிடுவாள். நாம் கம்பி என்றே வைத்துக்கொள்வோம். மனசுக்குள் அவன் தன்னை அப்படித்தான் அழைத்துக்கொள்கிறான், பாவம்.

கம்பி போட்ட இசையைக் கேட்காத காது இருக்க முடியாது. குளியலறை ஓடு, கொசுவத்தி, வயிற்றுப்போக்கு மாத்திரை என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. தொலைக்காட்சித் தொடரில் மாமியார் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வரும்போது மூன்று தடவை இடி இடிக்குமே, அது அவன் இடி. மருமகள் அறை வாங்கும்போது உடுக்கையும் வயலினும் சேர்ந்து கதறுமே, அதுவும் அவன் கைவரிசைதான். அவசரச் செய்திக்கு முன்னால் பெற்றவர்களை நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வைக்கும் அந்தச் சத்தத்தை அவன் பல் தேய்த்துக்கொண்டே போட்டான்.

அவன் மகளைப் பள்ளிக்கூடத்தில் "பேன் ஷாம்பு" என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஷாம்பு விளம்பரத்துக்கு அவன் போட்ட பாட்டு அவ்வளவு பிரபலம். ஒருநாள் பையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்து நின்றாள். "அப்பா, நீ நல்ல பாட்டே போட மாட்டியாப்பா?" என்று கேட்டாள். கேட்டதில் கிண்டல் இல்லை. அதனால்தான் அவனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

நல்ல பாட்டு ஒன்று அவன் போட்டிருந்தான். ஒன்றே ஒன்று. அது யாருக்கும் தெரியாமல் போய்விட்டது என்பதுதான் அவன் வாழ்க்கையின் தீராத வயிற்றெரிச்சல்.

மெத்தைக் கம்பெனி விளம்பரத்துக்காக அவனைக் கூப்பிட்டிருந்த அறையில் நாற்காலிகள் எல்லாம் பின்னால் சாய்ந்தன. குளிர்சாதனம் பிணவறையைப் போலக் குளிரடித்தது. விளம்பரத்தை எடுத்த இயக்குநர் இளைஞன், யாரைப் பார்த்தாலும் ப்ரோ என்பவன். அவன் பக்கத்தில் மெத்தைக் கம்பெனியின் மார்க்கெட்டிங் மேடம் உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷிதான். ஆனால் எதையும் "ஃபீல்" என்ற ஒரே சொல்லால் அளக்கிறவர். விளக்கை அணைத்துவிட்டுப் படத்தை ஓடவிட்டார்கள்.

இந்தத் தொழிலில் ஒரு கொடுமை உண்டு. படத்தை வெட்டி ஒட்டும் எடிட்டர், இசை வருவதற்கு முன்னால், கைக்குக் கிடைத்த ஏதாவது ஒரு இசையைத் தற்காலிகமாகப் படத்தின் மேல் போட்டு வைப்பார். சும்மா இருக்கட்டும் என்றுதான். அதையே நூறு தடவை பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் அந்த இசைமேல் காதல் வந்துவிடும். அப்புறம் இசையமைப்பாளரைக் கூப்பிட்டு, "இதே மாதிரி வேணும், ஆனா இதுவா இருக்கக் கூடாது" என்பார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையின் போட்டோவைக் காட்டி, அதே ஜாடையில் ஒன்று பெற்றுக் கொடு என்று கேட்கிற மாதிரி. கம்பி இதற்கெல்லாம் பழகிப்போனவன்.

படத்தில் ஒரு பெண் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறாள். பையைப் போடுகிறாள், செருப்பை உதறுகிறாள், கூடத்தைத் தாண்டி நடக்கிறாள். பின்னால் ஒரு கிதார், அதன்மேல் ஒரு பெண் குரல் சொல்லில்லாமல் முனகுகிறது. அவள் கட்டிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கையை விரித்து, அப்படியே மல்லாக்க விழுகிறாள். அந்த இடத்தில் இசை சட்டென்று நிற்கிறது. அவள் அந்தரத்தில் இருக்கிறாள். டிரம் இப்போது விழ வேண்டும், விழவில்லை. இன்னும் விழவில்லை. என்ன ஆயிற்று என்று நினைக்கும்போது அவள் முதுகு மெத்தையைத் தொடுகிறது, தும் என்று டிரம் இறங்குகிறது, கிதாரும் குரலும் கூடவே வந்து விழுகின்றன.

கிதாரின் இரண்டாவது சுரத்திலேயே கம்பி சாய்ந்த நாற்காலியிலிருந்து நிமிர்ந்துவிட்டான். அது அவன் பாட்டு. கிதார் அவனுடையது. முனகுவது அவன் மனைவி, அப்போது இன்னும் மனைவி ஆகாதவள். டிரம் வாசிப்பது மொட்டை, அந்தப் பழைய குழுவின் மூன்றாவது ஆள்.

"அந்த கேப் இருக்கே, அங்க எனக்கு உடம்பே சிலிர்க்குது சார். அதுதான் எங்க மெத்தை. அந்த ஃபீல்தான் எங்க மெத்தை," என்றார் மேடம்.

"இது யாரோடது?" என்று கம்பி கேட்டான். குரலை எவ்வளவு அலட்சியமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு அலட்சியமாக வைத்துக்கொண்டான்.

"யாரோ பழைய பேண்டு ப்ரோ. எடிட்டர்கிட்ட கிடந்துச்சு. ஏதோ டிவி போட்டியில வாசிச்சதாம். அந்த சேனலையே இழுத்து மூடிட்டாங்க. உரிமை யார்கிட்ட இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியல. வக்கீல் தொடவே தொடாதீங்கன்னுட்டார்," என்றான் இயக்குநர். "கொஞ்சம் அமெச்சூர்தான். ஆனா நல்லா இருக்குல்ல?"

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஒரே வார்த்தைதான், "என்னோடது." ஆனால் அமெச்சூர் என்ற சொல் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது. அதோடு மேடம் இன்னொன்றும் சொன்னார். "பாட்டு அமைஞ்சிடுச்சுன்னா முழுப் பாட்டாவே வெளியிடலாம்னு பேசிட்டிருக்கோம் சார். உங்க பேர் போட்டு. டிவியில, ரேடியோவுல, எல்லாத்துலயும்."

கம்பியின் தலைக்குள் கணக்கு ஓடியது. ஒலிப்பதிவுதானே எவனுடையதோ, மெட்டு அவனுடையது. புதிதாக, சுத்தமாக, இன்றைய கருவிகளோடு பதிவு செய்து கொண்டுபோய்க் கொடுப்பான். நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கை தட்டுவார்கள். அப்போது மெதுவாகச் சொல்வான், அதுவும் நான்தான், இதுவும் நான்தான் என்று. முழுப் பாட்டு. அவன் பெயர். பேன் ஷாம்பு என்று கூப்பிட்டவர்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொள்வார்கள். ஆசைக்கு அளவேது, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டே போனான்.

வீட்டின் பின்னறைதான் அவன் ஸ்டூடியோ. சுவர் முழுக்கக் கருப்புப் பஞ்சு ஒட்டியிருக்கும். நட்டநடுவில் கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் அவனுடைய டிரம் மெஷின். இத்தனை வருஷமும் அந்த வீட்டுக்கு வாடகை கட்டியது அந்தப் பெட்டிதான். தட்டினால் தட்டும், நிறுத்தினால் நிற்கும், டீ கேட்காது, தாமதமாக வராது. வெளிச்சத்தம் விழாமலிருக்க மனைவியைத் துணி அலமாரிக்குள் நிறுத்தி மைக்கைக் கொடுத்தான். காப்பீட்டு அலுவலகத்தில் கத்தையாகக் கோப்பு பார்த்துவிட்டு வந்தவள், போர்வைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு ஒரே தடவையில் முனகிக் கொடுத்துவிட்டு உடை மாற்றப் போனாள். குரலில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அவனுக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

முதல் பதிவை அனுப்பினான். இயக்குநர் கூப்பிட்டான். "குரல் அப்படியே இருக்கு ப்ரோ, எங்க பிடிச்சீங்க? கிதார் ஓகே. அந்த கேப் மட்டும் வரல."

நிறுத்தத்தை நீட்டி இன்னொன்று அனுப்பினான். "இப்ப ரொம்ப நேரம் ஆகுது."

குறைத்து அனுப்பினான். "இப்ப கேப்பே இல்லை."

பழைய பதிவைத் திரையில் போட்டு, இசை நின்ற இடத்துக்கும் டிரம் விழுந்த இடத்துக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தை மயிரிழை பிசகாமல் அளந்தான். தன் மெஷினின் அடியை அதே இடத்துக்கு நகர்த்தினான். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் இம்மி வித்தியாசம் இல்லை. மார்தட்டிக்கொண்டு அனுப்பினான். மேடமே கூப்பிட்டுவிட்டார்.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. இதுல அடி லேட்டாதான் விழுது. ஆனா லேட்டா விழணும்னு விழுது. அதுல அப்படி இல்லையே. அதுல..." என்று மேடம் சொல் தேடினார். கம்பி கண்ணை மூடிக்கொண்டான். "அதுல ஒரு ஃபீல் இருக்கு சார்."

போனை வைத்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்வதற்குத் தலையில் முன்போல முடி இல்லையே என்று வருத்தப்பட்டான். இனிமேல் உண்மையைச் சொல்லவும் வழியில்லை. நேற்றுவரை சொல்லியிருந்தால் கெத்தாக இருந்திருக்கும். இப்போது சொன்னால், தன்னையே பார்த்துக் காப்பியடிக்கத் தெரியாதவன் என்று ஊரே சிரிக்கும். அந்த ஒரு அடி வந்தால் அவன் பாட்டு உலகத்துக்குப் போகும், வராவிட்டால் அதுவும் முப்பதோடு முப்பதாகப் போய்விடும். அந்த ஒரு அடி மட்டும் அவனுடையது இல்லை.

அவன் மனைவி கூடத்தில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் புலம்பலை முழுக்கக் கேட்டுவிட்டு, சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டாள்.

"மொட்டையக் கூப்பிடுங்க."

"அவன் எதுக்கு? நானே பண்ணிடுவேன்."

"பண்ணிக் கிழிச்சதைத்தான் பார்க்கிறேனே."

"அன்னைக்கு அவன் தப்பு பண்ணினான். வேற ஒண்ணுமில்ல. தப்பைப் போய் யாராவது கூப்பிட்டு வாசிக்கச் சொல்வாங்களா?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "கம்பி, இங்க பாரு."

பேர் மாறியதும் அவன் வாயை மூடிக்கொண்டான்.

"அன்னைக்கு மேடைக்குப் பின்னாடி நீ என்ன பேசினேன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. உனக்கு ஞாபகம் இல்லாத மாதிரி நடிக்காதே. போய்க் கூப்பிடு. இல்லைன்னா இந்தப் பாட்டைப் பத்தி இந்த வீட்டுல இனிமே பேசாதே."

ஞாபகம் இல்லாமல் என்ன. அந்தப் போட்டியில் முதலாவதாக வருகிறவர்களுக்கு இசைத்தட்டு போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டாவதாக வந்தார்கள். நடுவர்களில் ஒருவர், "டிரம் ஒரு இடத்துல தடுமாறிடுச்சு" என்று மைக்கிலேயே சொன்னார். மேடைக்குப் பின்னால், விளக்குக்காரர்களும் வேறு குழுக்காரர்களும் பார்க்க, கம்பி மொட்டையின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். "உனக்குப் பதிலா ஒரு மெஷினை வச்சிருந்தா ஒழுங்கா அடிச்சிருக்கும்டா" என்று கத்தினான். மொட்டை குச்சிகளை உறையில் போட்டுக்கொண்டு போனான். அடுத்த வாரமே கம்பி மெஷின் வாங்கிவிட்டான். வீம்புக்கு வாங்கியதுதான். அதை வைத்துக்கொண்டு சும்மா தட்டிக்கொண்டிருந்தபோது யாரோ ஒரு குளியலறை ஓட்டுக் கம்பெனிக்காரர் ஒரு சின்னப் பாட்டு கேட்டார். மூன்று பேர் தேவைப்பட்ட இடத்தில் ஒருவன் போதும் என்று ஆனது. மற்றதெல்லாம் உங்கள் தொலைக்காட்சிப் பெட்டியில் வந்ததுதான்.

மொட்டை ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் டிரம் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தான். மாடிப்படி குறுகல். ஏறும்போதே டக் டக் டக் என்று தாளக்கணக்குச் சொல்லும் மெட்ரோனோம் கருவியின் சத்தம் கேட்டது. உள்ளே வரிசையாகச் சிறுபிள்ளைகள் ரப்பர் பலகைகளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மொட்டை என்பது அந்தக் காலத்தில் அவன் தலையை மழுங்க வழித்துக்கொண்டு திரிந்ததால் வந்த பெயர். இப்போது அவனுக்குத் தோள்வரை முடி இருந்தது. நரைத்த முடியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தான். கம்பி தன் முன்மண்டையை ஒருமுறை தடவிக்கொண்டான். கடவுளுக்கும் நக்கல் உண்டு.

"வாடா கம்பி," என்றான் மொட்டை, நேற்றுப் பார்த்தவனைப் பார்ப்பதுபோல. மெட்ரோனோமை நிறுத்தவில்லை. "இடது கை, இடது கை, கோட்டை விடாதே," என்று ஒரு பிள்ளையைப் பார்த்துச் சொன்னான்.

கம்பி விஷயத்தைச் சொன்னான். சுற்றி வளைத்து, மெத்தையில் தொடங்கி, சேனல் மூடியது, வக்கீல் சொன்னது எல்லாம் சொன்னான். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் வந்தபோது அதைத் தாண்டிக் குதித்து, "வண்டிச்செலவு தர்றேன்" என்றான். சொன்னவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மொட்டை சிரித்தான். "எத்தனை மணிக்கு வரணும்?"

"நாளைக்குச் சாயங்காலம். நாலு மணி போல."

"போல எல்லாம் இல்லை. நாலுன்னா நாலு."

முன்பெல்லாம் ஒத்திகைக்கு மொட்டை வருவதற்குள் மற்ற இருவரும் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுவார்கள். மறுநாள் கம்பி ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கையிலேயே அவன் வந்து வாசல்படியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பி தன் போனை எடுத்து மணி சரிதானா என்று பார்த்துக்கொண்டான்.

வாடகைக்கு எடுத்த டிரம்ஸ் பின்னறையை அடைத்துக்கொண்டு நின்றது. மொட்டை திருகுகளை முடுக்கி, ஒவ்வொரு தோலையும் ஒரு தட்டுத் தட்டிக் காது கொடுத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். காதில் ஹெட்போன். அதற்குள் கம்பி பதிவு செய்து வைத்திருந்த கிதாரும், அலமாரிக் குரலும், டக் டக் என்று கணக்குச் சொல்லும் ஒலியும். ஓடவிட்டான். இசை நின்றது. தும். மொட்டை வந்து விழுந்தான்.

சரியான நேரத்தில் விழுந்தான்.

"நல்லா இருக்கு. ஆனா லேட்டா வரணும்டா. அன்னைக்கு மாதிரி," என்றான் கம்பி.

"சரி."

மறுபடியும் சரியான நேரம். திரையில் கோட்டின்மேல் அடி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது, கம்பியின் மெஷினே வெட்கப்படும் அளவுக்கு.

"லேட்டா, லேட்டா."

"இரு, வர்றேன்."

இந்த முறை தாமதமாக வந்தான். கம்பி அளந்து பார்த்தான். சரியாக அரைத் தாளம் தள்ளி. அதற்கடுத்த முறை கால் தாளம் தள்ளி. ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு கோட்டின்மேல் போய் உட்கார்ந்தது. மொட்டையின் நெற்றியில் வியர்வை கோத்தது. கம்பிக்கோ எரிச்சல் உச்சந்தலையில் ஏறியது. பழைய கத்தல் தொண்டைக்குள் வந்து நின்றது, அதைக் கஷ்டப்பட்டு விழுங்கினான்.

"ஏன்டா, வேணும்னே பண்றியா?"

மொட்டை ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். "இல்லடா. வரல. லேட்டா வர்றதுக்கும் எண்ணித்தான் வர்றேன். எண்ணாம எப்படி வர்றதுன்னு தெரியல."

"அன்னைக்கு வந்தியே!"

"அன்னைக்கு நீ திட்டினே இல்ல? அதுக்கப்புறம் ஒருநாள்கூட நான் லேட்டா வந்ததில்லை. வாசிக்கிறதுலயும் இல்லை, வேற எதுலயும் இல்லை. தூங்கும்போதுகூடப் பக்கத்துல அந்த டக் டக் ஓடிக்கிட்டே இருக்கும். என் வீட்டுக்காரி அதுக்காகவே வேற ரூம்ல படுத்துக்கிட்டா." அவன் புகாராகச் சொல்லவில்லை, சளி பிடித்திருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னான். "மெஷின் மாதிரி ஆகணும்னு ஆயிட்டேன்டா. பிள்ளைங்களுக்கும் அதைத்தான் சொல்லித் தர்றேன்."

கம்பி மெஷினைப் பார்த்தான். அதன் சின்னச் சிவப்பு விளக்கு கடமை தவறாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. தூக்கி ஜன்னல் வழியாக எறிந்துவிடலாம் போல ஆத்திரம் வந்தது. யார்மேல் ஆத்திரம் என்று கேட்டால் அவனால் சொல்லியிருக்க முடியாது.

"அன்னைக்கு எதுக்குடா லேட்டா வந்தே?" என்று கேட்டான்.

"இப்பதான் கேக்கணும்னு தோணுச்சா?" மொட்டை குச்சியின் நுனியைத் தடவினான். "நீதான்டா காரணம். பாட்டு நின்ன இடத்துல நீ அந்தக் கடைசிச் சுரத்தை விடாம பிடிச்சுக்கிட்டு நின்னே. கண்ணை மூடியிருந்தே. அதுக்கு முன்னாடி நீ அப்படி நின்னு நான் பார்த்ததே இல்லை. எப்பவும் யார் தப்பு பண்றாங்கன்னு முழிச்சுப் பார்த்துக்கிட்டே இருப்பே இல்ல? அன்னைக்கு உன் மூஞ்சி வேற மாதிரி இருந்துச்சு. சரி, பையன் எங்கயோ போயிட்டான், அவன் திரும்பி வரட்டும், அப்புறம் அடிக்கலாம்னு விட்டேன். நீ தலையை லேசா அசைச்சே. அடிச்சேன்."

அந்தக் கணம் தன் நினைவில் இருக்கிறதா என்று கம்பி தேடிப் பார்த்தான். மேடை இருந்தது, நடுவர் இருந்தார், தோல்வி இருந்தது. அந்தக் கணம் மட்டும் இல்லை. அதற்குப் பிறகு வந்த கோபம் அதை அடியோடு துடைத்துவிட்டிருந்தது. எல்லோருக்கும் உடம்பு சிலிர்க்கிற அந்த இடத்தில், சிலிர்த்தவன் அவன்தான். அது அவனுக்கே தெரியாது.

"சொல்லியிருக்கலாமேடா," என்றான்.

"எங்க சொல்ல விட்டே?"

கம்பி எழுந்தான். கணக்கு ஒலியை அணைத்தான். ஹெட்போனை வாங்கி வைத்தான். பதிவு செய்து வைத்திருந்த கிதாரையும் அழித்துவிட்டுச் சுவரில் மாட்டியிருந்த பழைய கிதாரை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். வார் இப்போது இரண்டு ஓட்டை தள்ளிப் போட வேண்டியிருந்தது. "சேர்ந்தே வாசிக்கலாம். நான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். நீ எனக்காக நில்லு. முன்ன மாதிரி."

பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு டிரம்ஸுக்கு முதுகைக் காட்டி நின்றான். பிறகு நினைத்துக்கொண்டு, மொட்டைக்கு முகம் தெரிய வேண்டுமே என்று, பக்கவாட்டில் திரும்பி நின்றான். ஆரம்பித்தார்கள். முதல் சில வினாடிகள் கை கூசியது, அப்புறம் பழக்கம் பிடித்துக்கொண்டது. மொட்டை பின்னால் இருப்பது முதுகுக்குத் தெரிந்தது. எத்தனை வருஷமாக அந்த முதுகில் வெறும் சுவர்தான் இருந்தது. இடம் வந்தது. எல்லாம் நின்றது. கம்பி கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டான்.

தும்.

சரியான நேரம்.

"டேய்!"

"நான் என்ன பண்றது? நீ எண்ணிக்கிட்டு இருக்கே."

"யாரு, நானா?"

"உன் உதடு அசையுதுடா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நீ எப்ப முடிப்பேன்னு எனக்குத் தெரியுது. முடிச்சதும் அடிச்சிட்டேன்."

கம்பி உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை முயன்றான். கடித்தால் தலை ஆடியது. தலையை நிறுத்தினால் கால் பெருவிரல் தாளம் போட்டது. எல்லாவற்றையும் நிறுத்தினாலும் உள்ளே எவனோ ஒருவன் உட்கார்ந்துகொண்டு, இருபத்தொன்று, இருபத்திரண்டு, கம்பெனி பெயருக்கு இன்னும் எட்டு வினாடி என்று வாசித்துக்கொண்டிருந்தான். அவனை எழுப்பி வெளியே அனுப்ப முடியவில்லை. அவன்தான் இத்தனை வருஷமாகக் குடும்பத்தை நடத்துகிறவன். கம்பிக்கு அழுகை வரும்போல இருந்தது. வந்தது அழுகையா ஆத்திரமா என்று பிரித்துப் பார்க்க நேரம் இல்லை, போன் அடித்தது.

இயக்குநர்தான். உற்சாகமாக இருந்தான். "ப்ரோ, நல்ல செய்தி! க்ளையண்ட் பட்ஜெட்டைக் குறைச்சுட்டாங்க, பதினஞ்சு செகண்டுதான் போடுறாங்களாம். விழற ஷாட்டையே தூக்கியாச்சு. அதனால கேப் தேவையில்லை. நீங்க முதல்ல அனுப்பினீங்க இல்ல, அந்த மெஷின் வெர்ஷனே ஓகே. பாதியா வெட்டிக் கொடுத்துடுங்க, போதும்."

"முழுப் பாட்டு?" என்று கேட்டான் கம்பி.

"எந்த முழுப் பாட்டு? ஓ, அதுவா. அது சும்மா ஒரு ஐடியாதான் ப்ரோ. கேன்சல்."

"சரி," என்றான் கம்பி. போனை மேசைமேல் குப்புறப் போட்டான். அலமாரிக் கதவுக்குப் பக்கத்தில் அவன் மனைவி எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. அலுவலகப் பை இன்னும் தோளில் இருந்தது. அவளுக்கு எவ்வளவு கேட்டது என்பதும் தெரியவில்லை. மகள் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, தோள்வரை முடி வைத்த மொட்டையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருடா போன்ல?" என்று கேட்டான் மொட்டை. குச்சிகள் கையில் தயாராக இருந்தன.

கம்பி கிதாரின் காதைத் திருகி ஒரு கம்பியைச் சுருதி சேர்த்தான். அது ஏற்கெனவே சேர்ந்துதான் இருந்தது.

"தப்பு நம்பர்," என்றான். "இன்னொரு தடவை போலாம்."

ஆரம்பித்தார்கள். இந்த முறை அவன் மனைவி மைக் இல்லாமல், நின்ற இடத்திலிருந்தே முனகினாள். பை தோளிலேயே இருந்தது. பதிவுப் பொத்தானை அழுத்த எல்லோருமே மறந்துவிட்டார்கள். இடம் வந்தது. எல்லாம் நின்றது. கம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தக் கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பின்னாலிருந்து மொட்டையின் குரல் வந்தது, திட்டுவதுபோல இல்லை, தட்டி எழுப்புவதுபோல.

"உதடு."